விட்டன்பர்க் விருந்தும் ஆம்பூர்ப் பந்தியும்

1525ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் விட்டன்பர்க் நகரில் மார்ட்டின் லுத்தர் கத்தரீனா வான் போராவை மணந்தார். சிலரே சாட்சிகளாக அமர்ந்த எளிய சடங்கு அது. ஊரறிந்த விருந்து இரண்டு வாரங்கள் கழித்து, ஜூன் 27ஆம் நாள் நடைபெற்றது. அவ்விருந்தின் பொருட்டு லுத்தர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் சில இன்றும் கிடைக்கின்றன. சீர்திருத்த வரலாற்றைப் போதிக்கும் நாம் தொண்ணூற்றைந்து கோட்பாடுகளையும் வோர்ம்ஸ் பேரவையையும் விரித்துரைப்போம். இக்கடிதங்களை வகுப்பில் எடுத்துப் படிப்பது அரிது. அவற்றில் சாக்சனி அரசவை அதிகாரியான டோல்சிக் என்பவரிடம் வேட்டை இறைச்சி அனுப்புமாறு கேட்கிறார் சீர்திருத்தத் தந்தை. தோர்காவ் நகரத்து வணிகர் லியோன்ஹார்ட் கோப்பே என்பவரிடம் அவ்வூரின் சிறந்த பீர் ஒரு பீப்பாய் வேண்டுமென்கிறார். அது நன்றாக இராவிட்டால் அனுப்பியவரே முழுவதையும் குடித்துத் தீர்க்கவேண்டும் என்று வேடிக்கையாகத் தண்டனையும் விதிக்கிறார். இந்தக் கோப்பேதான் 1523ஆம் ஆண்டு உயிர்த்தெழுதல் திருநாள் வேளையில் நிம்ப்ஷென் மடத்திலிருந்து பன்னிரண்டு கன்னியரைத் தம் வண்டியில் ஏற்றித் தப்புவித்தவர். அவர்களுள் ஒருவர் கத்தரீனா. மணமகளையும் கொண்டுவந்து, மணவிருந்துக்குப் பீப்பாயையும் கொண்டுவரக் கேட்கப்பட்டவர் அவர் ஒருவரே என்பதை நினைக்கையில் நகை தோன்றுகிறது.

இதைக் கேட்கும் இறையியல் மாணவர் எழுப்பும் வினா ஒன்றே. குடியை ஒழுக்கக்கேடென்று பிரசங்கிக்கும் நம் திருச்சபையின் தந்தை, தம் திருமணத்துக்குப் பீர் வரவழைத்தாரா? ஜெர்மனிக்குச் சென்று திரும்பும் ஆயர்களும் இதே வினாவோடுதான் திரும்புகின்றனர். அங்கே ஆலயத் திருநாளில் ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் நீண்ட மேசைகள் இடப்படுகின்றன. நெருப்பில் வாட்டிய சாசேஜும், உப்பிட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோசும், கறுத்த ரொட்டியும் பரிமாறப்படுகின்றன. போதகரும் மூப்பரும் பீர்க் கோப்பையை முன்வைத்துப் பேசிக்கொண்டிருக்கின்றனர். நம்மவர் அருகில் அமர்ந்து பழச்சாறு அருந்தியவாறே உள்ளத்தில் தீர்ப்பு எழுதிக்கொண்டிருப்பார். அத்தீர்ப்பு சரியா என்பதைவிட, அவர்களுடைய பந்தியிலிருந்து நமக்கு வந்து சேர்ந்தது எது, வழியிலேயே நின்றுவிட்டது எது என ஆராய்வதே பயன் தரும் என்று எண்ணுகிறோம். அதற்கு ஆம்பூர் தக்கதோர் இடம். தோலுக்கும் பிரியாணிக்கும் பெயர்பெற்ற அவ்வூரின் லுத்தரன் சபை, ஜெர்மன் மொழி பேசிய மக்களின் விழாப் பந்திகளில் சேர்ந்த காணிக்கையால் வளர்ந்தது.

லுத்தரின் காலத்து வடஜெர்மானியருக்குப் பீர் என்பது களியாட்டத்தின் பொருளன்று. அன்றாட உணவின் பகுதி. நம் முன்னோர்க்குச் சோறும் நீராகாரமும் எப்படியோ, அப்படி அவர்களுக்கு ரொட்டியும் பீரும். வாற்கோதுமையை முளைகட்டி உலர்த்தி, நீரிலிட்டுக் கொதிக்கவைத்து, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைச் சேர்த்து நொதிக்க விடுவார்கள். வீட்டிலும் மடத்திலும் நாள்தோறும் குடித்தது பெரும்பாலும் வலுக்குறைந்த இரண்டாம் வடிப்பு. வலுவானதை விழாவுக்கு வைத்துக்கொள்வர். தேயிலையும் காப்பியும் அவர்களை எட்டாத காலம் அது. ஜெர்மானிய உணவென்றதும் இன்று நம் நினைவுக்கு வரும் உருளைக்கிழங்கும் அந்நாளில் அவர்கள் பந்தியில் இல்லை.

விட்டன்பர்க் கருப்பு மடத்தை அரசர் லுத்தருக்கு வீடாக அளித்த 1532ஆம் ஆண்டுச் சாசனத்தில் பீர் வடிக்கும் உரிமையும் அடங்கியிருந்தது. வடித்தவர் கத்தரீனா. மாணவர், ஏதிலிகள், உறவினர் பிள்ளைகள் என ஒரு பெருங்கூட்டத்தை அவ்வீட்டில் வைத்துச் சோறிட்ட அம்மையார், தோட்டத்தையும் மாடுகளையும் மீன் குளத்தையும் பார்த்துக்கொண்டே அதையும் செய்தார். 1534ஆம் ஆண்டு டெஸாவ் நகரிலிருந்து எழுதிய கடிதத்தில் லுத்தர் வீட்டிலுள்ள நல்ல பீரையும் அதனினும் நல்ல மனைவியையும் நினைத்து ஏங்குகிறார். 1566ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த மேசை உரைகள் பிறந்ததும் அந்தப் பந்தியிலேதான். இறையியல் கல்வியின் பாதி அங்கு உணவு மேசையில் நடந்தது என்று சொன்னால் மிகையாகாது. அதற்கு அடுப்பெரித்தவரைப் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன என்பது நமக்கொரு குறை.

ஆயினும் லுத்தரைக் குடிக்கு வழக்கறிஞராக்குவோர் அவரை முழுதும் படியாதவர். நூற்றொன்றாம் சங்கீதத்துக்கு 1534–35இல் அவர் எழுதிய விளக்கத்தில், ஒவ்வொரு நாட்டுக்கும் அதற்குரிய பிசாசு உண்டென்றும், ஜெர்மானியரின் பிசாசுக்குக் குடி என்றே பெயரிடவேண்டுமென்றும் கடுமையாக எழுதுகிறார். அரசவைகளில் நடந்த குடிப்போட்டிகளை அவர் நேரில் அறிந்தவர். ஆலயப் பிரதிஷ்டை நாள் விருந்துகளைப் பற்றி அவர் சொன்னது இன்னும் நோக்கத்தக்கது. 1520ஆம் ஆண்டு ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதிய நூலில், அவ்விழாக்கள் சாராயக்கடையும் சந்தையும் சூதாட்டமுமாகிவிட்டன, ஆதலால் அவற்றை அடியோடு எடுத்துவிடவேண்டும் என்கிறார். அவர் சொல் எடுபடவில்லை. ஆலய ஆண்டு விழாவும் அதன் பீரும் லுத்தரன் கிராமங்களிலேயே இன்றுவரை நிலைத்துள்ளன. தந்தையின் பெயரைச் சொல்லி அருந்தப்படும் பீர், ஒரு வகையில் தந்தையின் சொல்லை மீறி அருந்தப்படுவதாகும்!

இவ்விடத்தில் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். இன்று இந்தியப் பெருநகரங்களின் விடுதிகள்கூட விளம்பரம் செய்து நடத்தும் அக்டோபர் விழா லுத்தரன் மரபின் பிள்ளையன்று. 1810ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் மியூனிக் நகரில் பவேரிய இளவரசர் லூட்விக் மணம் புரிந்ததை ஒட்டி நடந்த குதிரைப் பந்தயமே அதன் தொடக்கம். பவேரியா கத்தோலிக்க நாடு. மணமகள் தெரேசா மட்டும் லுத்தரன். இறுதிவரை அவர் அப்படியே இருந்தார்.

உணவைப் பற்றிய கேள்வி சீர்திருத்தத்தின் ஓரத்தில் நின்ற கேள்வியன்று. 1522ஆம் ஆண்டு லெந்து காலத்தில் சூரிக் நகரில் அச்சகர் ஃப்ரோஷவர் இல்லத்தில் சிலர் கூடிச் சாசேஜ் தின்றனர். உடனிருந்த ஸ்விங்லி தாம் தின்னவில்லை. தின்றவர்களுக்காகப் பிரசங்கம் செய்தார். அந்நாட்டுச் சீர்திருத்தம் அங்கிருந்து தொடங்கியதாக வரலாற்றாசிரியர் கூறுவர். சாக்சனியிலோ நோன்புக் காலத்தில் வெண்ணெய் சேர்க்க 1491ஆம் ஆண்டு போப்பு எட்டாம் இன்னசென்ட் பணம் பெற்றுக்கொண்டு அனுமதி அளித்திருந்தார். டிரெஸ்டன் நகரின் கிறிஸ்துமஸ் ரொட்டி வெண்ணெயின் சுவை பெற்றது அதன் பின்னரே. வெண்ணெய் தின்னும் உரிமையைக் காசுக்கு விற்பதை லுத்தர் இகழ்ந்தெழுதினார். தேவன் விலக்காததை மனிதன் விலக்கி, பின்பு அந்த விலக்கை விற்கிறான் என்பதே அவருடைய கோபம். கட்டளையிடப்படாததும் விலக்கப்படாததுமான இத்தகைய காரியங்களுக்கு நம் விசுவாச அறிக்கை நூல்கள் அதியாபொரா என்னும் கிரேக்கச் சொல்லை ஆள்கின்றன. 1577ஆம் ஆண்டின் இணக்க விதிகள், பத்தாம் பிரிவில், அவற்றைக் கையாளும் முறையையும் வரையறுக்கின்றன. சபை அவற்றைச் சூழலுக்கேற்ப வைத்துக்கொள்ளலாம், மாற்றலாம். ஆனால் நற்செய்தியின் அறிக்கையே கேள்விக்குள்ளாகும் வேளையில் அத்தகைய காரியம் சிறிதாயினும் விட்டுக்கொடுக்கலாகாது. இந்த விதியை மனத்தில் இருத்திக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வருவோம்.

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் கால்வைத்த சீகன்பால்கும் புளூட்சோவும் ஹாலே பக்தி இயக்கத்தின் பிள்ளைகள். ஃபிராங்கே ஹாலேயில் நிறுவிய அநாதைப் பிள்ளைகள் இல்லத்தின் கட்டடங்களுள் ரொட்டி சுடுவதற்கும் பீர் வடிப்பதற்குமான இல்லமும் ஒன்று. பக்தி இயக்கத்தார் ஆட்டத்தையும் நாடகத்தையும் கடிந்தனர். மேசைப் பீரைக் கடியவில்லை. ஆனால் தரங்கம்பாடியில் சீகன்பால்கு எதிர்கொண்ட குற்றச்சாட்டு வேறு. தமிழ்ப் பெரியோர் அவருடன் நடத்திய கடிதப் போக்குவரத்தில், கிறிஸ்தவர் மார்க்கம் நல்லதாயிருக்கலாம், அவர்கள் வாழ்வோ குடியும் தூய்மையின்மையும் மாட்டிறைச்சியும் நிறைந்தது என்ற முறையீடு மீண்டும் மீண்டும் வருகிறது. கிறிஸ்தவன் என்ற பெயருக்குக் கடற்கரையில் அன்று விளங்கிய பொருள் பறங்கி. பறங்கி என்பதற்கு விளங்கிய பொருள் குடிப்பவன். நூறாண்டுக்கு முன்னரே மதுரையில் தெ நொபிலி இதே இடறலைக் கண்டு காவியுடுத்தி மரக்கறி உண்டார். சீகன்பால்கு அவ்வழியைப் பின்பற்றவில்லையாயினும், கள்ளும் சாராயமும் சபையாருக்கு ஆகாதென்று போதிக்கும் மரபு புராட்டஸ்தாந்துத் தமிழ்ச் சபையில் வேரூன்றியதற்கு இப்பழிச்சொல்லே பெருங்காரணம் என்பது எமது துணிபு. அமெரிக்க மதுவிலக்கு இயக்கம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே இங்கு அந்தத் தேவை எழுந்துவிட்டது.

பிற்காலத்தில் தென்னாட்டுக்கு வந்த பீரும் விட்டன்பர்க் மேசையின் பீரன்று. ஆங்கிலப் பட்டாளத்தின் பீர். கப்பலில் வந்தது போக, நீலகிரியிலும் பெங்களூரிலும் வடிசாலைகள் எழுந்தன. அவற்றை ஒன்றுசேர்த்தே 1915ஆம் ஆண்டு தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காத்லாந்துக்காரர் யுனைட்டெட் புருவரீஸ் நிறுவனத்தை உருவாக்கினார். கன்டோன்மென்டில் சோல்ஜர் குடிப்பது பீர் என்றே தமிழர் அதை அறிந்தனர். மனைவி வடித்து, பிள்ளைகளோடும் மாணவரோடும் அமர்ந்து ரொட்டியுடன் அருந்தும் பானம் என்று அதை அறிய வழியே இல்லை. ஒரே பொருள் இரு நாடுகளில் இரு பொருள்படும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி ஆம்பூர். லைப்சிக் மிஷனைச் சேர்ந்த தியோடர் நேத்தர், ஃபிரான்ஸ் மோன் என்னும் இருவர், வேதாகமத்தின் ஏவுதலைப் பற்றிய கருத்து வேறுபாட்டால் அம்மிஷனை விட்டு நீங்கி, 1894ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசூரி சினட்டின் மிஷனரிகளாயினர். நேத்தர் 1895இல் கிருஷ்ணகிரியிலும், மோன் 1896இல் ஆம்பூரிலும் பணி தொடங்கினர். நேத்தர் 1904இல் கிருஷ்ணகிரியிலேயே கொள்ளைநோய்க்குப் பலியானார். அவ்வூழியமே பின்னர் கன்கார்டியா பள்ளியாகவும் பெதஸ்தா மருத்துவமனையாகவும், இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாகவும் வளர்ந்தது. அவர்களை அனுப்பிய மிசூரி சினட் பெயரளவில்தான் அமெரிக்கச் சபை. சாக்சனியிலிருந்து 1838–39இல் கப்பலேறிய குடியேறிகளும் பிற ஜெர்மானியரும் சேர்ந்து 1847இல் அமைத்தது அது. 1917ஆம் ஆண்டுவரை அதன் முழுப் பெயரில் ஜெர்மன் என்ற சொல் இருந்தது. அதன் மையமான செயின்ட் லூயிஸ் ஜெர்மானியர் நடத்திய பெரும் பீர் ஆலைகளுக்கும் பெயர்பெற்ற நகர்.

அச்சபையாரிடம் ஆண்டுதோறும் மிஷன் திருநாள் என்றொரு விழா உண்டு. கோடையிலோ அறுப்பின் காலத்திலோ, தோப்பில் அல்லது களத்தில் பலகைகளைப் பரப்பி அமர்வர். காலையில் ஒரு பிரசங்கம், பிற்பகலில் ஒரு பிரசங்கம். பெரும்பாலும் வெளியூர்ப் போதகர். இடையில் பெண்கள் வீடுகளிலிருந்து கொண்டுவந்த இறைச்சியும் ரொட்டியும் ஊறுகாயும் பழப் பணியாரங்களும் நிறைந்த உணவு. பித்தளைக் கருவியிசை ஒலிக்கும். பீர் இறக்கிய ஊர்களும் உண்டு. இறக்காத ஊர்களும் உண்டு. மாலையில் காணிக்கை. அயல்நாட்டு ஊழியத்துக்கான பணத்தில் கணிசமான பங்கு இத்திருநாள்களில் சேர்ந்தது. ஆம்பூரின் திண்ணைப் பள்ளி ஆசிரியருக்கு மாதச் சம்பளமாக வந்த ரூபாயின் பின்னே, அமெரிக்க வயலொன்றில் ஜெர்மன் பாட்டும் பண்டமுமாய் ஒரு விழா நடந்திருக்கிறது. நம் சபை வரலாறுகள் காணிக்கையை எழுதுகின்றன, பந்தியை எழுதுவதில்லை.

அமெரிக்கா 1920 ஜனவரி முதல் 1933 டிசம்பர் வரை மதுவிலக்கை அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்திருந்தபோது, ஏனைய புராட்டஸ்தாந்துச் சபைகள் பல அதை நற்செய்தியின் வெற்றியாகக் கொண்டாடின. மிசூரி சினட்டார் அதில் சேரவில்லை. குடிவெறி பாவம், குடித்தல் பாவமன்று, சட்டத்தால் பரிசுத்தம் வராது என்பது அவர்கள் நிலை. உலகப் போரின் பகைமையில் பீரும் ஜெர்மன் மொழியும் ஒருங்கே சந்தேகத்துக்குள்ளான நாளில் அந்நிலையில் நிற்பது எளிதாக இருந்திராது. இத்தகைய சபையிலிருந்து வந்த மிஷனரிகள் ஆம்பூர்ச் சபையின் விழாக்களில் பீரை நுழைக்க எண்ணியதில்லை. மிஷன் பங்களாவின் மேசையில் என்ன இருந்தது என்பதன்று நம் கேள்வி. சபையாரின் பந்தியில் அது இல்லை. அண்டையில் வேலூரை நடுவாகக் கொண்டு 1853 முதல் ஊழியம் செய்த அமெரிக்க ஆற்காடு மிஷன் மதுவை விலக்கும் மரபில் வந்தது. பீரின் விலை ஏழைச் சபைக்கு எட்டாதது. எல்லாவற்றுக்கும் மேலாக, மாலையில் கூலியைச் சாராயக்கடையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் ஒருவனுக்கு முன்னால் கோப்பையைத் தூக்கிக் கிறிஸ்தவ சுதந்தரத்தை எப்படி விளக்குவது? ரோமர் பதினான்காம் அதிகாரம் இங்கே விரிவுரை தேவையின்றி விளங்கிற்று.

லுத்தரின் சிறிய ஞானோபதேசம் மட்டும் அப்படியே வந்து சேர்ந்தது. பரமண்டல ஜெபத்தின் நான்காம் விண்ணப்பத்துக்கு அது தரும் விளக்கத்தில், அன்றாட அப்பம் என்பதனுள் உணவும் பானமும் உடையும் காலணியும் வீடும் நிலமும் அடங்கும் என்றொரு பட்டியல் உண்டு. விட்டன்பர்க்கில் அப்பானம் பீர். ஆம்பூரில் அது கிணற்றுநீரும் மோரும். காலணி என்ற சொல்லைத் தோல் பதனிடுவோரின் பிள்ளைகள் மனப்பாடம் செய்தபோது அதற்கு நேர்ந்த பொருள் விட்டன்பர்க்கிலும் கிடைத்திராது. சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கை வெந்தவர்கள் பிறர் காலுக்குச் செய்தது அது.

மதுவிலக்கு பின்னர் இங்கும் சட்டமாக வந்தது. 1937ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் இராஜாஜியின் அமைச்சரவை அதை முதன்முதல் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தியது. நேத்தர் அடக்கமாகியுள்ள கிருஷ்ணகிரி அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. 1948இல் மாகாணம் முழுவதும் பரவி, 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1983இல் அரசே மது வாணிபக் கழகத்தை நிறுவி, 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. இடையில் திருவிருந்தின் திராட்சைரசத்துக்குச் சட்டம் விலக்களித்தது. லுத்தரின் பந்தியிலிருந்து மது என்ற வகையில் ஆம்பூர் வரை வந்தது அந்த ஒரு மிடறே. இன்றைய கடைகளில் பீர் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் அது வீட்டாரோடு பந்தியிலமர்ந்து அருந்தப்படுவதன்று. நின்றபடி, விரைவாக, மனைவிக்கு மறைத்து அருந்தப்படுவது. நம் ஆயர்கள் நாற்பது வயதுக்குள் அடக்கம் செய்யும் ஆண்களின் எண்ணிக்கையை அவரவர் சபைப் பதிவேட்டில் காணலாம். எனவே ஆம்பூர்ச் சபை பீரைப் பந்தியில் சேர்க்காதது சரியே என்கிறோம். ஜெர்மானியச் சகோதரர் தம் ஆலய முற்றத்தில் அருந்துவதும் அவர்களுக்குத் தவறன்று. அங்கே செல்லும் நம் ஆயர் அருந்தினாலும் அருந்தாவிட்டாலும் நியாயந்தீர்க்க வேண்டா. அதியாபொரா என்பதன் பொருள் அதுவே.

ஆனால் கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. கொரிந்து சபையின் விருந்தைப் பவுல் கடிந்துகொண்டபோது (1 கொரி. 11:21), சிலர் போதையேறியிருந்ததை மட்டும் அவர் சொல்லவில்லை, அவர்களருகே வேறு சிலர் பட்டினியாக இருந்ததையும் சொன்னார். நம் பிரசங்கங்களில் முன்னதே பெரிதாயிற்று. அந்தியோகியாவில் பேதுரு பிழை செய்தது கோப்பையிலன்று, யாரோடு அமர்ந்திருந்தாரோ அவர்களைவிட்டு எழுந்து போனதில் (கலா. 2).

தமிழ்ச் சபையின் பந்தியில் இக்கேள்வி 1850ஆம் ஆண்டு வெளிப்படையாக வெடித்தது. சென்னை மிஷனரி மாநாடு, பறையர் ஒருவர் சமைத்த உணவை உண்டு சாதியை முறித்தாலன்றி எவருக்கும் ஞானஸ்நானம் அளிக்கலாகாது எனத் தீர்மானித்தது. ஏறத்தாழ எல்லா மிஷனரிகளும் இசைந்தனர். லைப்சிக் மிஷனரிகள் இசையவில்லை. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் அப்போது இந்தியாவில்தான் இருந்தார். சாதி என்பது சமுதாய வரிசை, அதாவது ஏறத்தாழ அதியாபொரா, நற்செய்தியின் புளித்தமா அதை மெல்லக் கரைக்கும் என்பது அவர் கருத்து. நியாயத்துக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். மிஷனரி பார்த்துக்கொண்டிருக்க, வேலை போய்விடுமென்ற அச்சத்தில் உபதேசியார் விழுங்கும் ஒரு கவளம் அன்பின் விருந்தாகாது என்று கிரவுல் பக்கத்தார் சொன்னதில் உண்மை உண்டு. சோதனைக்குச் சமைக்கப்பட்ட சோற்றில் அவமானப்பட்டவர் இருவர்: உண்டவர் ஒருவர், சமைத்தவர் ஒருவர். மேலும், தீர்மானம் இயற்றிய ஐரோப்பியர் தம் மேசையில் இந்திய உபதேசியார் எத்தனை பேரை அமர்த்தினர்? அறுபது ஆண்டுகள் கழித்தும், 1910இல், எடின்பரோவில் வி. எஸ். அசரியா மிஷனரிகளிடம் நட்பைக் கேட்டு நிற்க நேர்ந்தது. ஒன்றாக அமர்ந்து உண்ணும் பழக்கம் இல்லாமையையே அவர் சுட்டினார்.

ஆயினும் கிரவுலின் நிலை தவறு என்றே நாம் கொள்கிறோம், அதுவும் லுத்தரன் காரணத்தைக் கொண்டே. பத்தாம் பிரிவின்படி, எது நற்செய்தியின் அறிக்கையையே மறைக்கிறதோ அது அதியாபொரா அன்று. தரங்கம்பாடி ஆலயத்தில் சாதிவாரியாக அமர்ந்ததும், திருவிருந்தில் முன்பின் வரிசை பார்த்ததும் சமுதாய வழக்கமென்று பொறுக்கப்பட்டன. நம் ஜெர்மானியத் தந்தையர் விட்டுக்கொடுக்கத்தக்க பீரை எளிதில் விட்டனர். விட்டுக்கொடுக்கலாகாத பந்தியை அதைவிட எளிதில் விட்டனர். நேத்தரும் மோனும் லைப்சிக்கின் இந்த மரபில் பயின்றவர்களே. அவர்கள் அம்மிஷனை விட்டது வேதத்தின் ஏவுதலுக்காக, பந்திக்காக அன்று. ஆம்பூர் வட்டாரத்தில் அவர்களிடம் வந்து சேர்ந்தவர்களோ பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குலத்தார். யாரோடு அமர்வது என்ற கேள்வி அவர்களுக்கு வயிற்றோடும் மானத்தோடும் ஒட்டியது.

ஆம்பூரின் விழா உணவு இதற்கிடையில் தானாகவே பிறந்திருந்தது. ஆற்காட்டு நவாப்புகளின் சமையல் மரபிலிருந்து இறங்கி, காய்ந்த மிளகாய் அரைப்பும் சீரகச் சம்பா அரிசியும் சேர்ந்து, கத்தரிக்காய்க் கூட்டோடும் தயிர் வெங்காயத்தோடும் பரிமாறப்படும் பிரியாணி அது. தோல் மண்டி முதலாளியின் திருமணத்திலும், தொழிலாளியின் பிள்ளைக்குப் பெயரிடும் நாளிலும், நம் ஆலய விழாவிலும் அதே தேக்சாவில் வேகிறது. விறகடுப்பில் விடியுமுன் ஏறும் அத்தேக்சா, தோர்காவ் பீப்பாய் செய்த வேலையை இங்கே செய்கிறது. திருநெல்வேலிச் சபைகளின் அசனமும் இதற்கு உடன்பிறப்பே. ஆனால் அதிலும் ஒரு கோடு உண்டு. 2022ஆம் ஆண்டு மே 13 முதல் 15 வரை ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தத் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு அதில் இடமில்லை என்றதும் எதிர்ப்பு எழுந்தது. சில அமைப்புகள் விழாத் திடலுக்கருகே அதை இலவசமாக வழங்குவோம் என்றன. மழையைக் காரணம் காட்டி விழா ஒத்திவைக்கப்பட்டது. இது பாகுபாடாகாதா என்று விளக்கம் கேட்டு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் நிர்வாகத்துக்கு அறிக்கை அனுப்பியது.

இச்செய்தியை நம் சபைகள் நாளிதழில் படித்துவிட்டு மடித்துவைத்தன. நம் அறுப்பின் பண்டிகை விருந்திலும் வீட்டில் தின்பதைப் பந்தியில் வைக்கத் தயங்குவோர் இல்லையா? சமையலுக்கு யாரை அழைப்பது என்று சபைக் கமிட்டி பேசும்போது சொல்லாமல் விடப்படும் சொல் எது? இதற்கு விடை நூலகத்தில் இல்லை. பழைய சபைகளில் ஆலய விழாக் கணக்கேடுகள் உள்ளன. அரிசி இத்தனை படி, ஆடு இத்தனை, விறகு, இலை, சமையல்காரர் கூலி, இன்னார் பெயரில் இவ்வளவு என்று தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டவை. யார் சமைத்தார், எந்த ஆண்டிலிருந்து பந்தி ஒன்றாயிற்று, எந்தச் சபையில் இன்னும் ஆகவில்லை என்பதை அவற்றிலிருந்து அறியலாம். ஆம்பூர், வாணியம்பாடி, பர்கூர், கிருஷ்ணகிரி வட்டாரத்திலிருந்து வந்து பயிலும் மாணவர் விடுமுறைக்குச் செல்லும்போது, ஏடுகளைப் பூச்சி தின்னுமுன், ஓரிரண்டையேனும் படியெடுத்து வருவாராக.